சின்னம்மாவின் பயம் போட்ட குட்டி

போன ஜனவரியில் சின்னம்மாவை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையை விட்டு வெளியே வந்தால் காலி வீதி. அங்கே 101 பஸ் ஏறினால் கோட்டை. ஓட்டோவில் போகலாம் என்றேன். "அதுக்குக் கொடுக்கிற காசுக்கு ஒரு கிலோ சூரை மீன் வாங்கலாம்" என்றார். 76 வயது. முழங்கால் வலி. ஆனாலும் பஸ்தான்.

கவுண்டரில் இருந்த பிள்ளை சிங்களத்தில் கேட்டது: வட்டியை முதலோடு சேர்த்துப் புதுப்பிக்கிறதா, மாதா மாதம் கணக்கில் போடுகிறதா? படிவத்தில் மூன்று மொழியிலும் அதே கேள்விதான். பக்கத்தில் இரண்டு சின்னச் சதுரங்கள். ஒன்றில் புள்ளடி போட வேண்டும். சின்னம்மா பேனையை வாங்கி வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

அந்தச் சதுரத்துக்குப் பின்னால் எங்கள் வீட்டில் 30 வருடக் கதை ஒன்று இருக்கிறது. நான் பழைய சோனகத் தெருவில் ஒரு இரும்புக் கடையில் கணக்குப் பார்க்கிறவள். ஆணி, போல்ட், பிவிசி குழாய் என்று நாள் முழுக்க மற்றவர்களுடைய இலக்கங்களோடு மாரடித்துவிட்டு வருகிறேன். ஆனாலும் இந்த ஒரு கணக்கை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆசையோடு பார்த்தேன்.

1994 கடைசியில் அம்மம்மா கொட்டாஞ்சேனை வீட்டில் தனக்கிருந்த பங்கை விற்றார். கைக்கு வந்த இரண்டு லட்சத்தையும் இரண்டு மகள்மாருக்கும் ஆளுக்கொரு லட்சமாகப் பிரித்துக் கொடுத்தார். தைப்பொங்கல் கழிந்து, 1995 ஜனவரிக் கடைசியில், அக்காவும் தங்கையும் ஒன்றாகப் போய் ஒரே வங்கியில், ஒரே கிளையில், ஒரே நாளில் பிக்ஸட்டில், அதாவது நிலையான வைப்பில், போட்டார்கள். ஒரு வருடத் தவணை, 13 சதவீதம். அம்மா மாத வட்டிக்குப் புள்ளடி போட்டார். எங்கள் வீட்டில் நான், தம்பி, அப்பாவின் சிறிய சம்பளம். மாதம் ஆயிரம் ரூபாய் சொச்சம் வந்தால் பெரிய உதவி. சின்னம்மா கல்யாணம் செய்யவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்துச் சீவித்தவர். வருட முடிவில் வட்டி 13,000 ரூபாயை மொத்தமாக எடுத்து ஒரு ஓவர்லொக் மெஷின் வாங்குவதுதான் அவருடைய திட்டம்.

தவணை முடிந்த அந்தக் கிழமையில்தான், 1996 ஜனவரி 31ஆம் திகதி, மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. தொண்ணூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயம். கோட்டை முழுக்கக் கண்ணாடித் துண்டும் புகையும். அதற்குப் பிறகு வந்த நாட்களில் தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டையை வைத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் போவது என்றால் எப்படி இருக்கும் என்று அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொலிஸ் பதிவு எங்கே, யாருடைய வீடு, ஏன் வந்தாய்? சின்னம்மா போகவில்லை. அடுத்த மாதம் பார்ப்போம் என்றார். அடுத்த மாதமும் போகவில்லை. வங்கி தானாகவே வட்டியையும் முதலோடு சேர்த்து இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டது. மெஷினைச் சீட்டுப் பிடித்து வாங்கினார். அப்புறம் அந்தக் காசைத் தொடாமல் இருப்பதே பழக்கமாகிவிட்டது. "அது கிடக்கட்டும் பிள்ளை, அங்க போய் ஆர் வரிசையில நிக்கிறது?" என்பார்.

சேமிப்பின் மகிமை பற்றி யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. முதல் வருடம் பயம், பிறகு அலுப்பு. கூட்டு வட்டியைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் பிரசங்கங்களில் பொறுமை, ஒழுக்கம், தொலைநோக்கு என்று பெரிய பெரிய சொற்கள் வரும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டில் அதைச் சாதித்தது ஒரு பயந்த தையல்காரி.

சின்னம்மாவிடம் ஒரு சதுர ரூல் கொப்பி இருக்கிறது. வருடா வருடம் புதுப்பித்த கடிதம் வந்ததும் அந்த வருட வட்டி வீதத்தை நீலப் பேனையால் எழுதி வைப்பார். 13, 14, 12, 11.5, 11, 12. இப்படியே 30 வரி. 2008இல் 15. 2021இல் 5.5, அதன் பக்கத்தில் பென்சிலால் "அநியாயம்" என்று எழுதியிருக்கிறது. 2023இல் 20. அதன் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அந்த 30 இலக்கங்களையும் எக்செலில் அடித்தேன். செய்ய வேண்டியது ஒரே ஒரு பெருக்கல்தான். 100,000ஐ 1.13ஆல் பெருக்கு, வருவதை 1.14ஆல் பெருக்கு, வருவதை 1.12ஆல் பெருக்கு. எந்த இடத்திலும் எதையும் வெளியே எடுக்காதே.

2001 ஜனவரியில் 199,994 ரூபாய். ஆறு ரூபாய் குறைய இரண்டு லட்சம். ஆறு வருடத்தில் ஒன்று இரண்டாகியிருக்கிறது. 2008 ஜனவரியில் நான்கு லட்சத்துக்கு ஒன்பதாயிரம் குறைவு. 2015இல் எட்டு லட்சத்துக்கு ஏழு நூறு சொச்சம் குறைவு. 2023இல் பதினாறு லட்சத்துக்குக் கிட்ட. சராசரி வீதம் 10.6 வருகிறது. 72ஐ வட்டி வீதத்தால் பிரித்தால் காசு இரட்டிக்கும் வருடம் வரும் என்று உயர்தர வகுப்பில் கணக்கியல் சேர் சொல்லித் தந்த குறுக்கு வழி ஞாபகத்துக்கு வந்தது. 72ஐ 10.6ஆல் பிரித்தால் 6.8. நடந்தது 6, 7, 7, 8. அவர் இருந்தால் போய்க் காட்டியிருப்பேன்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு இடம். 2018 ஜனவரியில்தான் தொகை பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. அதாவது ஒரு லட்சம் பத்து லட்சமாவதற்கு 23 வருடம். பத்து லட்சம் இருபது லட்சமாவதற்கு 7 வருடம். 2025 ஜனவரியில் 2,060,971. முதல் வருடம் போட்ட குட்டி 13,000. 2023 என்ற ஒரே வருடத்தில் போட்ட குட்டி 315,000 சொச்சம். அம்மம்மா கொடுத்த முழுக் காசைப் போல மூன்று மடங்கு, பன்னிரண்டு மாதத்தில். பத்து வருடம் பொறுத்துவிட்டு 2005இல் சின்னம்மா அதை எடுத்திருந்தால் 291,000 கிடைத்திருக்கும். நல்ல லாபம் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்போம். மூன்றாவது பத்து வருடம் மட்டும் கொண்டுவந்தது பன்னிரண்டரை லட்சத்துக்கு மேல்.

அந்த 30 வீதங்களையும் சும்மா கூட்டிப் பார்த்தேன். 319.5 சதவீதம். அதாவது வட்டியை வருடா வருடம் வெளியே எடுத்திருந்தால் மொத்தம் 319,500 ரூபாய். முதலோடு சேர்த்தால் 419,500. இதற்கும் இருபது லட்சத்துக்கும் நடுவில் இருக்கிற 16 லட்சத்து 41 ஆயிரமும் வட்டி போட்ட வட்டி. அம்மம்மாவின் காசு நேரடியாகப் பெற்றது மூன்று லட்சம்தான். மிச்சமெல்லாம் பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள்.

தமிழில் "வட்டிக்கு வட்டி வாங்குறவன்" என்றால் வசவு. செட்டியார் தெருவில் அடகு வைத்த நகையை மீட்கப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே நடப்பதும் இதே பெருக்கல்தான், நாம் நிற்கிற பக்கம் வேறு. 24 சதவீதத்துக்குக் கடன் ஏறினால் மூன்று வருடத்தில் ஏறத்தாழ இரட்டிக்கும். கிரெடிட் கார்ட் பாக்கியைக் கட்டாமல் வைத்திருக்கிற எங்கள் கடைப் பையன் ஒருவனுக்கு இதைக் கடதாசியில் போட்டுக் காட்டினேன். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

சரி, எக்செலில் வந்த இருபது லட்சம் வங்கிக் கடதாசியில் இல்லை. அங்கே இருப்பது 18 லட்சத்துச் சொச்சம். இடையில் வட்டியில் அவ்வப்போது வரி வெட்டியிருக்கிறார்கள். வெட்டியது சின்னத் தொகைதான். ஆனால் வெட்டாமல் அங்கேயே கிடந்திருந்தால் அதுவும் குட்டி போட்டிருக்குமே, அதையும் சேர்த்துத்தான் இந்த இடைவெளி. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் பிடிக்கிற வரி 5 சதவீதத்தில் இருந்து 10 ஆகிவிட்டது. வருட வருமானம் 18 லட்சத்துக்குள் இருக்கிறவர்கள் சுயபிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். வயதானவர்களை வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனித்துச் செய்து கொடுங்கள். அவர்களாகப் போய்க் கேட்கமாட்டார்கள்.

இனிக் கசப்பான பக்கத்துக்கு வருகிறேன். எக்செல் அட்டவணையில் இன்னொரு நிரல் சேர்த்தேன். டொலர்.

1995 தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 50 ரூபாய். அம்மம்மாவின் ஒரு லட்சம் அன்றைக்கு 2,000 டொலர். 2022 ஜனவரியில் டொலர் 200 ரூபாய்ப் பக்கம், சின்னம்மாவின் காசு 7,300 டொலர் பெறுமதி. அந்த வருடம் நடந்தது தெரியும்தானே. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். சின்னம்மாவுக்கு அந்த வருடம் வங்கி கொடுத்தது 7. 2023 ஜனவரியில் அவருடைய காசு ரூபாயில் ஒரு லட்சத்துக்கு மேல் கூடியிருந்தது. டொலரில் பார்த்தால் 4,300. பெற்றோலுக்கும் காஸ் சிலிண்டருக்கும் நாங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த அதே வருடத்தில், அவர் தொடாமல் வைத்திருந்த காசில் ஐந்தில் இரண்டு பங்கு சத்தமில்லாமல் போய்விட்டது. புத்தகத்தில் இலக்கம் ஏறித்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் திரும்பவும் 7,000 டொலர் அளவுக்கு வந்தது. ஆக, 30 வருடத்தில் ரூபாயில் இருபது மடங்கு, டொலரில் மூன்றரை மடங்கு. வருடத்துக்கு 4 சதவீதம் சொச்சம்.

"பேசாம பவுண் வாங்கி வச்சிருக்கலாம்" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அதையும் பார்த்தேன். 1995இல் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 384 டொலர் அளவில் இருந்தது. அன்றைய டொலர் விலைக்கு 22 கரட் பவுண் ஒன்று நாலரை ஆயிரம் ரூபாய் வரும், செய்கூலி சேதாரம் தனி. ஒரு லட்சத்துக்கு இருபது பவுணாவது வாங்கியிருக்கலாம். 2025 தொடக்கத்தில் பவுண் இரண்டு லட்சத்துக்குக் கிட்ட. ஆக நாற்பது லட்சம். பிக்ஸட்டைப் போல இரண்டு மடங்கு. இதைச் சொன்னதும் அம்மா கையை நீட்டிக் காட்டினார். வெறுங்கை. அவருக்கும் கல்யாணத்துக்குப் போட்ட பவுண் இருந்தது. தம்பி கனடா போன செலவுக்குப் பாதி அடகுக்குப் போனது, மீட்கவில்லை. மிச்சம் என் கழுத்துக்கு வந்தது. வீட்டில் கண்ணுக்கு முன்னால் தங்கம் இருந்தால் அதற்கு எப்போதும் ஒரு அவசரம் வந்து சேரும். கோட்டை வங்கியில் கிடந்த காசை எடுக்க ஒரு பஸ் ஏற வேண்டும், ஒரு சோதனைச் சாவடி தாண்ட வேண்டும். அதுதான் அதைக் காப்பாற்றியது.

பயம் எப்போதும் நல்லதையே செய்வதில்லை. 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கிறோம் என்று ஐந்து நாள் தொடர்ந்து வங்கிகளை மூடினார்களே, அந்த நாட்களில் சின்னம்மா தூங்கவில்லை. "காசை எடுத்து அலுமாரிக்குள்ள வைப்பம் பிள்ளை, பாங்குக்காரர் எல்லாத்தையும் பிடிச்சுக்கொள்ளப் போறாங்களாம்." அவருடைய காசு அப்போது 20 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தவணைக்கு முன்னால் உடைத்தால் அந்த வீதம் கிடைக்காது, வெட்டிக்கொண்டுதான் தருவார்கள். நான் அதைக் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகுதான் அமைதியானார். கடைசியில் வைப்பாளர்களின் காசைத் தொடவில்லை. அடி விழுந்தது ஊழியர் சேமலாப நிதிக்கு. அதாவது எனக்கு.

என் சொந்தக் கதையும் ஒன்று இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு முன்னால், சின்னம்மாவின் வங்கி 9 சதவீதம் தந்துகொண்டிருந்தபோது, ஒரு நிதி நிறுவனம் 18 தருகிறோம் என்றது. நான் கணக்குப் படித்தவள் அல்லவா, 72ஐ 18ஆல் பிரித்தேன். நான்கு வருடத்தில் இரட்டிப்பு! கல்யாணத்துக்குச் சேர்த்த காசைக் கொண்டுபோய்க் கொட்டினேன். இரண்டு வருடம் கடிதம் வந்தது, அழகான அச்சு. மூன்றாவது வருடம் கதவில் பூட்டு. அலைந்து அலைந்து, போட்ட முதலில் பாதிதான் கிடைத்தது. முப்பது இலக்கங்களை ஒன்றோடொன்று பெருக்கும்போது நடுவில் ஒரே ஒரு பூச்சியம் வந்தால் விடை என்ன என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இப்போது வைப்புக் காப்புறுதி இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குப் பதினொரு லட்சம் வரைக்கும். அதனால்தான் போன ஜனவரியில் சின்னம்மாவின் பதினெட்டு லட்சத்தையும் இரண்டாகப் பிரித்து இரண்டு வங்கியில் போடுவோம் என்று பிடிவாதம் பிடித்து அவரை அன்றைக்குக் கோட்டைக்குக் கூட்டிப் போனேன்.

அம்மாவின் கடதாசியும் அதே பிஸ்கட் டின்னுக்குள்தான் இருக்கிறது. 100,000. முப்பது வருடமாக அதே இலக்கம். அது தோற்றுப்போன கடதாசி என்று எக்செல் சொல்லும். ஆனால் 1995இல் அந்த ஆயிரம் ரூபாயில் என் உயர்தர ரியூஷன் மூன்று பாடத்துக்கும் பம்பலப்பிட்டியில் காசு கட்டி, மிச்சத்தில் சனிக்கிழமை மீன் வாங்கியிருக்கிறார் அம்மா. அந்த ரியூஷனால் எனக்கு வேலை. அந்த வேலையில் 27 வருடச் சம்பளம். இதை எந்த நிரலில் போடுவது? சின்னம்மாவும் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். "அக்கா காசைத் திண்டா எண்டு சொல்லாத. திண்டது நீ."

கதையைக் கவுண்டரில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். சின்னம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மாத வட்டிச் சதுரத்தில் புள்ளடி போட்டார். நான் பதறிவிட்டேன். "சின்னம்மா, இன்னும் ஏழு வருடம் விட்டால் முப்பது லட்சம்!"

"ஏழு வருசத்தில எனக்கு 83. அக்காவுக்கு 87. அவவுக்கு மருந்து வாங்கவேணும், பார்க்க ஒரு பிள்ளையை வைக்கவேணும். எனக்கு முப்பது லட்சம் என்னத்துக்கு?"

பிள்ளை கல்குலேட்டரைத் தட்டியது. 8 சதவீதம், இரண்டு வங்கிக்கும் சேர்த்து மாதம் 12,000 சொச்சம். திரும்பி வரும்போது 101இல் ஜன்னல் பக்கம் இருக்கை கிடைத்தது. கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். என் மகனுக்கு மூன்று பாட ரியூஷன் மாதம் 9,000. மிச்சம் 3,000. வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் இறங்கினோம். சின்னம்மா விலை கேட்டு, பேரம் பேசி, ஒரு கிலோ சூரை வாங்கினார்.